ஒரு யெஸ் சொன்னேன்

தங்கச்சி, ஜன்னலோரம் எனக்குக் குடுப்பீங்களா? வெளிய பாத்துக்கிட்டே வரணும். சந்தோசம். இருங்க, இந்தப் பையக் கால்மாட்டுல வச்சிக்கிடுதேன்.

நான் ஏறும்போது போன்ல பேசிக்கிட்டிருந்தீங்களே, இங்கிலீசுலதான? நல்லாத்தான் பேசுதீங்க. ஆனா ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. "சாரி, ஒன்ஸ் அகெய்ன் ப்ளீஸ்"னு ரெண்டு மட்டம் கேட்டீங்க. அதக் கேக்கப்பிடாது. அந்தப் பக்கம் இருக்கவன் என்ன நெனப்பான்? இதுக்கு ஒண்ணும் வெளங்கலன்னு நெனப்பான்லா. வெளங்காட்டியும் வெளங்கின மாதிரிப் பேசணும். அதுக்குப் பேருதான் கான்ஃபிடன்ஸ். நான் இருபத்திரண்டு வருசமா தூத்துக்குடியில ஒரு ஏற்றுமதி கம்பெனியில போன்ல இங்கிலீசு பேசுதவ. ஒரு நாள், ஒரு நாள் கூட "ஒன்ஸ் அகெய்ன்" கேட்டதில்ல.

பாத்தீங்களா, நான் பஸ்சுல ஏறி ரெண்டு நிமிசம் ஆகல, ரயில்வே கேட்டப் போட்டுட்டான். ரயிலு போனாத்தான் தொறப்பான். நீங்க எங்க, திருச்செந்தூரா? கோயிலுக்கா? நல்லது. நான் அதுக்கு முந்தின ஸ்டாப்பு, வீரபாண்டியன்பட்டணம். ஒரு வீட்டுல சாப்பாட்டுக்குக் கூப்புட்டிருக்காவ. அந்த வீட்டு ஆளு வெளிநாடு போறான், அதுக்கு விருந்து. பெர்க்மான்ஸ்னு பேரு. எங்க கம்பெனியிலதான் இருந்தான். என்னைய அக்கா அக்காம்பான்.

போறதுக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கு. அது வேற கதை.

இல்ல, கேளுங்க. அந்த கேட்டும் இப்போதைக்குத் தொறக்கப் போறதில்ல. நீங்களும் எனக்கு முன்னப்பின்னத் தெரியாதவ. தெரிஞ்சவககிட்ட சொல்ல முடியாது பாத்துக்கிடுங்க.

நான் பிளஸ் டூ தான். டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சிருந்தேன். கம்பெனியில சேந்து நாலாவது நாளு, போன் பேசுத ஆளு லீவு. போன் அடிக்கி. மொதலாளி பக்கத்துல நிக்காரு, "எடும்மா"ங்காரு. எடுத்தா வெள்ளக்காரன். என்ன சொல்லுதான்னு ஒரு எழுத்து புரியல எனக்கு. ஆனா வாய் மட்டும் எங்கிருந்து வந்ததோ, "யெஸ் சார், ஷ்யூர் சார், நோ ப்ராப்ளம் சார்"னு சத்தமா, வேகமா, நிறுத்தாமச் சொல்லுது. அவன் வச்சிட்டான். மொதலாளி என்னையப் பாத்த பார்வ இருக்கே! "ஏ, குணவதி வெளுத்து வாங்குது!"ன்னு ஆபீசு முழுக்கச் சொன்னாரு. என்னம்மா சொன்னான்னு கேட்டாரு. "விவரமா ஃபேக்ஸ் அனுப்புதானாம் சார்"னு சொல்லி வச்சேன். பத்து நிமிசத்துல ஃபேக்ஸ் வந்துட்டு! என்ன அதிர்ஷ்டம் பாருங்க. படிச்சா எனக்கு வெளங்கிரும் தங்கச்சி. எழுத்து எனக்குப் பயமில்ல. காதுதான்.

அப்படியே பழகிட்டு. அவங்க போன்ல என்ன சொன்னாலும் பின்னாலயே ஃபேக்ஸ் வரும், பெறவு மெயில் வரும். அதப் பாத்து வேலைய முடிச்சிருவேன். போன்ல நான் செய்ய வேண்டியது சத்தமா யெஸ் சொல்லுதது ஒண்ணுதான்.

தெருவுல எனக்குப் பேரே இங்கிலீசு அக்கா. யாருக்கு வெளிநாட்டு போன் வந்தாலும் ஓடி வந்து எங்கிட்ட நீட்டுவாவ. சோத்துல கை வச்சிருந்தாலும் எடுத்து காதுல வச்சிருவாவ. என் வீட்டுக்காரரு, பேசாத மனுசன், அவரே விருந்தாளி வந்தா "இவ போன் பேசி நீங்க கேக்கணும்"பாரு. அந்த ஒரு பெருமைதான் எனக்கு. வேற என்ன இருக்கு சொல்லுங்க, ஒரு நகைநட்டா, பிள்ளகுட்டியா?

போன மே மாசம், ஒரு வெள்ளிக்கிழமை. எறால் கன்டெய்னரு. ஃப்ரிட்ஜ் மாதிரி குளிர்ப் பெட்டி அது, ரீஃபர்னு சொல்லுவோம். யார்டுல, அதான் பெட்டிய அடுக்கி வைக்கித எடத்துல, கொண்டு வந்து எறக்கினா உடனே கரண்டுல மாட்டணும். மாட்டலன்னா உள்ள இருக்கதெல்லாம் கெட்டுப் போகும். யார்டு சூப்பர்வைசரு இந்த பெர்க்மான்ஸ்தான். பதினொரு மணிக்குக் கூப்புடுதான். "அக்கா, பிளக் பாயிண்டு ஒண்ணு கூட காலியில்ல. பெட்டிய இன்னும் மாட்டல. சரக்கு வாங்குத வெள்ளக்காரங்க சரின்னா தனி ஜெனரேட்டரு வச்சிக்கிடலாம். கேட்டுச் சொல்லுங்க"ங்கான். சரிப்பான்னு வச்சேன். வச்ச கை எடுக்கல, அவங்களே கூப்புட்டுட்டாங்க. லார்ஸ்னு ஒருத்தன். வழக்கமாப் பேசுதவன்தான்.

அவன் கேட்டது எனக்கு நல்லா வெளங்கிச்சு. அதச் சொல்லணும்லா. ஒரு வார்த்த விடாம வெளங்கிச்சு அன்னைக்கு. "சோ, த கன்டெய்னர் இஸ் நாட் பிளக்டு இன் யெட்?" அப்படின்னு கேட்டான். பெட்டிய இன்னும் மாட்டலையான்னு கேக்கான். நான் என்ன சொல்லுவேன்? நீங்கன்னா என்ன சொல்லுவீங்க? "சாப்பாடு ஆகலையா"ன்னு கேட்டா "ஆமா, ஆகல"ன்னுதான சொல்லுவோம்? நான் சொன்னேன், "யெஸ் சார்!"னு. சத்தமாச் சொன்னேன். அவன், "ஓ, கிரேட்! ஹேவ் எ நைஸ் வீக்கெண்டு"ன்னுட்டான்.

பெட்டி மாட்டாததுக்கு எதுக்குடா கிரேட்டுங்கான்னு ஒரு நிமிசம் தோணத்தான் செஞ்சுது. ஆனா அவங்களுக்கு எல்லாமே கிரேட்டுதான் பாத்துக்கிடுங்க. மழ பெஞ்சாலும் கிரேட்டும்பாவ, வெயிலடிச்சாலும் கிரேட்டும்பாவ. ஜெனரேட்டரப் பத்தி மெயில் போடுவான்னு இருந்தேன்.

மெயில் வரல.

பெர்க்கு மத்தியானம் கூப்புட்டான். "அக்கா, ஒண்ணும் தகவல் இல்லையே." சொல்லிட்டேன்டா, வரும்னேன். நாலு மணிக்கும் கூப்புட்டான். "நீங்க ஒரு போன் அடிச்சிக் கேளுங்கக்கா, வெயிலு கொல்லுது"ங்கான். அக்கினி நட்சத்திர வெயிலு. நான் அடிச்சிருக்கலாம். அடிச்சிருக்கலாந்தான். ஆனா போனோ மெயிலோ, திரும்பக் கேட்டா என்ன நெனப்பான்? அப்ப என்னத்த வெளங்கிக்கிட்டு யெஸ் சொன்னேன்னு கேக்க மாட்டானா? இருபத்திரண்டு வருசத்துல நான் அவங்களுக்கு அடிச்சது கிடையாது தங்கச்சி. வர்றதத்தான் எடுப்பேன்.

அவன் வந்து மொதலாளிகிட்ட கேட்டிருக்கலாம்லா? எங்கிட்டதான் கேக்கணுமா? குணவதி அக்கா சொல்லிட்டா முடிஞ்சிதுன்னு உக்காந்திருக்கான். அப்படி ஒருத்தர நம்பலாமா? நீங்களே சொல்லுங்க.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பாயிண்டு காலியாகி மாட்டியிருக்கான். அதுக்குள்ள எல்லாம் போச்சு. திங்கக்கிழமை கதவத் தொறந்தப்ப நாத்தம் ரோடு வரைக்கும் அடிச்சிதாம்.

அப்புறம் விசாரண. ஆபீசுல பெரிய டி.வி. வச்சி, அதுல லார்சும் ஒரு பொம்பளையும். இந்தப் பக்கம் மொதலாளி, மேனேஜரு, நான். பெர்க்கு வெளிய, தண்ணி கேன் பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்திருக்கான். கூப்புட்டா உள்ள வரணும்னு. அவங்க பக்கம் எல்லா போனையும் பதிஞ்சு வைப்பாவளாம், எனக்குத் தெரியுமா? போட்டுக் காட்டுதாங்க. என் குரலு, "யெஸ் சார்!"னு கணீர்னு கேக்குது.

கேட்டதும் மொதலாளி மேசையத் தட்டுதாரு. "பாத்தியா! நம்ம குணவதி சரியாத்தானய்யா சொல்லியிருக்கு! மாட்டலையான்னு கேக்கான், ஆமாங்குது. இதுல என்ன தப்பு?" மேனேஜரும் "கரெக்ட் சார், கரெக்ட்"ங்காரு. டி.வி.யில அந்தப் பொம்பள நிதானமாச் சொல்லுதா, "ஷி செட் யெஸ். யெஸ் மீன்ஸ் இட் இஸ் பிளக்டு இன்." திருப்பிப் போட்டாங்க. நம்மாளுங்களுக்கு மாட்டலன்னு கேக்குது, அவங்களுக்கு மாட்டியாச்சுன்னு கேக்குது. மூணு மட்டம் போட்டாங்க தங்கச்சி. ஒரே குரலு, ஒரே யெஸ்சு. மாட்டலன்னா "நோ"ன்னு சொல்லணுமாம். கேள்வி எப்படி இருந்தாலும் நோவாம். மூணாவது மட்டம் கேக்கையிலதான் எனக்கு உறைச்சிது.

மொதலாளிக்கும் வெளங்கிட்டு. அவரு விவரமானவரு. மைக்க அணைச்சாரு. என் பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவா, "குணவதி, நீ எந்த அர்த்தத்துல சொன்ன? யோசிச்சுச் சொல்லு. யார்டுக்காரன் தப்புன்னா ஒருத்தனோட போயிரும். நம்ம ஆபீசுக்கே இங்கிலீசு தெரியலன்னா மொத்தமும் போயிரும்"னாரு.

பொய் சொல்லுன்னு அவரு சொல்லல. அதையும் சொல்லணும்லா. யோசிச்சுச் சொல்லுன்னுதான் சொன்னாரு.

மைக்கப் போட்டாரு. நான் சொன்னேன். "யார்டு டோல்டு மீ பிளக்டு, சார்." மாட்டியாச்சுன்னு யார்டுல சொன்னாவன்னு. அஞ்சாறு வார்த்தைதான். சத்தமா, வேகமாச் சொன்னேன். எப்பவும் போல.

வெளிய வந்தா அவன் ஸ்டூல்ல இருந்து எந்திரிக்கான். "என்னக்கா ஆச்சு?"ங்கான். பேசிக்கிட்டிருக்காவன்னேன். அன்னைக்கே அவன் கையில கடுதாசி குடுத்துட்டாவ, வேலையில அலட்சியம்னு. அவன் எங்கிட்ட வந்து நிக்கான். "நான் மாட்டலன்னு உங்ககிட்ட சொன்னேம்லாக்கா?" "சொன்னடா. நானும் அவங்கிட்ட அப்படியேதான் சொன்னேன்." அது பொய்யில்லையே! நான் அந்த அர்த்தத்துலதான சொன்னேன்? அவனும் நம்பிட்டான். "வெள்ளக்காரனும் மொதலாளியும் சேந்து என்னையப் பலி குடுத்துட்டாங்க. நீங்க எனக்காகப் பேசியிருப்பீங்கன்னு தெரியும்க்கா"ன்னு போயிட்டான்.

அதுக்கப்புறம் எனக்கு என்ன ஆச்சு தெரியுமா? பதவி உயர்வு. சீனியருன்னு போட்டு, தனியா ஒரு கண்ணாடி ரூம்பு. நாலு பக்கமும் கண்ணாடி. நான் என்ன செய்யுதேன்னு எல்லாருக்கும் தெரியும். இப்ப எங்க பக்கமும் எல்லா போனையும் பதியுதாவ. மணி அடிச்சா எடுக்கப் பயமா இருக்கு. எடுக்காம இருக்க முடியுமா? எல்லாரும் பாக்காவளே. எடுத்தா யெஸ் சொல்ல வரமாட்டேங்குது, நோவும் வரமாட்டேங்குது. "ஓக்கே சார், ஓக்கே சார்"னு ஓட்டுதேன். வேலைய விட்டுரலாம்னு மொதலாளிகிட்ட போனேன். "நீ இல்லேன்னா கம்பெனி ஏது குணவதி?"ன்னு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு இருக்கே, கதவுக்கு வெளிய இருந்து தாழ்ப்பாள் போட்ட மாதிரி. திரும்பி வந்து கண்ணாடிக்குள்ள உக்காந்துட்டேன்.

பெர்க்கு அஞ்சு மாசம் சும்மா இருந்தான். ஒரு யார்டுலயும் சேக்கல. அலட்சியம்னு எழுதின ஆள எவன் சேப்பான்? அவன் பொண்டாட்டி செலின் மீன் கம்பெனிக்கு எறால் உரிக்கப் போனா. எறாலுதான். பாருங்க.

ரயிலு போயிட்டு. இப்ப தொறப்பான்.

போன மாசம் திடீர்னு அவன் போன். "அக்கா, மஸ்கட்டுல ஒரு யார்டுல கேட்டிருக்கேன். பழைய வேலையப் பத்தி விசாரிக்க ஒரு நம்பர் கேட்டாவ. உங்க நம்பரக் குடுத்திருக்கேன். நீங்கதான் நல்லா இங்கிலீசு பேசுவீங்க"ங்கான். எப்படி வேண்டாங்கதுக்கு?

ஞாயித்துக்கிழமை, வீட்டுல மீன் கழுவிக்கிட்டிருக்கேன், மஸ்கட்டுல இருந்து போன் வந்துட்டு. பேசினவரு பிலிப்பைன்ஸ்காரராம். அவரு இங்கிலீசும் என் இங்கிலீசு மாதிரிதான், தட்டுத் தட்டித்தான் பேசுதாரு. "மேடம், வாட் ஹேப்பண்ட்? ப்ளீஸ் டெல்"ங்காரு. அப்படி யாரும் எங்கிட்ட கேட்டதேயில்ல தங்கச்சி. எல்லாரும் அது ஆச்சா, இது ஆச்சான்னுதான் கேப்பாவ. இவரு என்ன நடந்துதுன்னு கேக்காரு. ஓக்கே சார்னு சொல்லிப் பாத்தேன். அவரு விடல. "நோ ஹரி, மேடம்"ங்காரு.

சொல்லிட்டேன். எப்படிச் சொன்னேன்னு தெரியல. "சார், ஹி டோல்டு மீ நாட் பிளக்டு. ஐ டோல்டு யெஸ். யெஸ் ராங், சார். தென் ஐ டோல்டு லை. ஹி லாஸ்ட் ஜாப். மை மிஸ்டேக், சார். ஒன்லி மை மிஸ்டேக்." இலக்கணம் கிலக்கணம் ஒண்ணும் பாக்கல. மீன் கையோட நின்னு அழுதேன். பெறவு அவரு சொல்லுதாரு, "மேடம், இன் மை லாங்வேஜ் ஆல்சோ, சேம்." அவங்க பாசையிலயும் மாட்டலையான்னு கேட்டா ஆமா மாட்டலன்னுதான் சொல்லுவாவளாம்! சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். இருபத்திரண்டு வருசத்துல போன்ல ஒருத்தர் சொன்னது முழுசா வெளங்கி நான் சிரிச்சது அன்னைக்குத்தான்.

ரெண்டே வாரத்துல விசா வந்துட்டு. செவ்வாக்கெழமை ஏறுதான். செலின் வீட்டுக்கே வந்து என் கையப் பிடிச்சிக்கிட்டா. "எல்லாம் உங்களாலதாங்க்கா. என்னக்கா சொன்னீங்க அவர்ட்ட?"ங்கா. நாலு நல்ல வார்த்தை சொன்னேன்னுட்டேன். அதுவும் பொய்யில்ல. விருந்துக்கு மொத ஆளா நான்தான் உக்காரணுமாம். நான் வந்தாத்தான் ஜெபமே ஆரம்பிப்பாவளாம்.

இப்ப வெளங்குதா என் நெலம? புதன்கிழமை அவன் அந்த பிலிப்பைன்ஸ்காரரு முன்னால போயி நிப்பான். அவரு சொல்லாம இருப்பாரா? உன்னைய மாட்டி விட்டது உங்க அக்காதானப்பான்னு ஒரு நாள் சொல்லத்தான் செய்வாரு. அதுக்கு முந்தி நான் சொல்லிரணும்லா. இன்னைக்குத்தான் சொல்லணும். அவன் பிள்ளைக முன்னால, செலின் முன்னால, அவ வச்ச சோத்துல கை வச்சிக்கிட்டு. இங்கிலீசுல அழுதுக்கிட்டாவது சொல்லிட்டேன் பாத்துக்கிடுங்க. "மை மிஸ்டேக்"னா வாயோட போயிருது. தமிழ்ல சொல்லணும்னு நெனச்சா மொத வார்த்தையே வரமாட்டேங்குது.

ஆமா, அதுதான் ஸ்டாப்பு. தெரியும். நீங்க சொல்லணும்னு இல்ல, எனக்குத் தெரியும்.

இல்ல, இறங்கல. இருக்கட்டும்.

உங்ககிட்ட மறைச்சி என்ன செய்ய? காலையில பத்து மணிக்கே தூத்துக்குடியில ஏறினவ நான். இந்த ஸ்டாப்பத் தாண்டி திருச்செந்தூரு போனேன். அங்க இருந்து திரும்பி வந்தேன், அப்பவும் இறங்கல. ஆறுமுகநேரி வரைக்கும் போயி, அங்கதான் இந்த வண்டியில ஏறினேன். இது மூணாவது மட்டம்.

இருங்க, போன் அடிக்கி. அவன்தான்.

சொல்லு பெர்க்கு. வந்துக்கிட்டே இருக்கேன்பா. கேட் போட்டுட்டான்... என்னது? எங்க நிக்க? ஸ்டாப்புலயா? எப்ப இருந்து? ...ம். ...ம். எப்ப போன் பண்ணினாரு? நேத்தா? ...எல்லாத்தையுமா? ...ம். சரி. சரிப்பா.

வச்சிட்டான்.

ஸ்டாப்புலதான் நிக்கானாம், காலையில இருந்து. மூணு மட்டமும் என்னைய ஜன்னல்ல பாத்தானாம். அந்த பிலிப்பைன்ஸ்காரரு நேத்தே கூப்புட்டுச் சொல்லிட்டாராம். கத்தல தங்கச்சி. திட்டல. "அவர்ட்ட இங்கிலீசுல சொன்னீங்களாம்க்கா. எங்கிட்ட தமிழ்ல சொல்லுங்க. பெறவு சாப்பிடலாம். அது வரைக்கும் யாரும் சாப்பிடல"ங்கான்.

கண்டக்டர் தம்பி! இங்கயே நிறுத்தச் சொல்லுங்கய்யா. ஸ்டாப்பு இல்லன்னாலும் பரவாயில்ல, இறங்கிக்கிடுதேன். நடந்தே போறேன். நடந்தா ஒரு இருபது நிமிசம் ஆகும்லா, சொல்லிப் பாத்துக்கிட்டே போகலாம்.

கொஞ்சம் கால எடுங்க தங்கச்சி. நீங்க நல்லாப் பேசுதீங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிக் குடுங்க. தமிழ்ல அத எப்படி ஆரம்பிப்பாவ?